பழைய லேண்ட் குரூசருக்கு எந்தச் சக்கரம்?



ஒற்றுப்பிழை, பாடநூல், பள்ளி ஆண்டுவிழா என்று எழுதிவரும் நான் இன்று வண்டிச் சக்கரத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கடந்த சில மாதங்களில் மூவர் என்னிடம் ஒரே வினாவைக் கேட்டுவிட்டனர். "80 வரிசை லேண்ட் குரூசர் வைத்திருக்கிறேன். ரிம் மாற்ற வேண்டும். எதைப் போடலாம்?" ஒருவர் உடன் பணியாற்றும் ஆசிரியர். மற்றொருவர் பணி ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி. மூன்றாமவர் என் சொந்தத் தம்பி. முதல் இருவரும் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போய்விட்டார்கள். தம்பியோடு மட்டும் வழக்கு நீண்டது. அந்த வழக்கில் என் பக்கத்து வாதத்தை முறையாக எழுதி வைக்கலாம் என்றுதான் இவ்விடுகை.

முதலில் சொல் பற்றி ஒரு வார்த்தை. தமிழாசிரியன் 'ரிம்' என்று எழுதலாமா என்று கேட்க ஆளிருக்கிறது என்பதை அறிவேன். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு நம்மிடம் குடம், ஆரக்கால், வட்டை, கடையாணி என்று உறுப்புக்கு ஒரு சொல் உண்டு. அவை நல்ல சொற்கள். ஆனால் டயர் கடையில் போய் 'வட்டை' என்று கேட்டால் கடைக்காரர் என்னைத்தான் உற்றுப் பார்ப்பார். உயிரைத் தாங்கும் பொருளை வாங்கும்போது, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே பொருள் தரும் சொல்லே வேண்டும். ஆகவே இங்கே ரிம், டயர், நட் என்றே எழுதுகிறேன்.

இனி வண்டி. எங்களுடையது 1996-ஆம் ஆண்டின் டீசல் லேண்ட் குரூசர். டொயோட்டா நிறுவனம் 'ஸ்டேஷன் வேகன்' என்று அழைத்த நீண்ட உடற்கட்டு. முன்னும் பின்னும் முழு அச்சு, சுருள்வில். தோட்ட நிர்வாகியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடமிருந்து நானும் தம்பியும் பாதிப்பாதிப் பணம் போட்டு வாங்கினோம். வீட்டிலிருந்து பெருஞ்சாலைக்கு ஒன்பது கிலோமீட்டர் செம்மண் சாலை. செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லாரிகள் மழைக்காலத்தில் அதை உழுத வயலாக ஆக்கிவிடும். எங்கள் அம்மாவுக்கு வாரம் மூன்று முறை பட்டணத்தில் டயாலிசிஸ். மழை பெய்தது, சாலை கெட்டது, நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கக்கூடிய காரியமன்று அது. இந்த வண்டியை நாங்கள் வைத்திருப்பதன் காரணமே அதுதான்.

பழைய அலுமினிய ரிம்களில் இரண்டு முன்பே எவராலோ ஒட்டவைக்கப்பட்டவை. அவற்றுள் ஒன்றில் ஒட்டின் ஓரத்தில் மயிரிழை போன்ற விரிசல் தெரிந்தது. மூன்றாவதில் நட் உட்காரும் இடம் தேய்ந்து அகன்றிருந்தது. மாற்றத்தான் வேண்டும்.

தம்பியின் விருப்பம் 20 அங்குலக் கறுப்பு ஸ்போர்ட் ரிம். "அண்ணே, வண்டியே எடுப்பா மாறிடும்ண்ணே" என்றான். மறுக்கவில்லை. எடுப்பாகத்தான் இருக்கும். இருபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியைப் புத்தம்புதிதுபோல் காட்ட ரிம்மை விட விரைவான வழி வேறில்லை. ஆனால் இவ்வண்டிக்கு 16 அங்குல ரிம்மே தகும் என்பது என் கருத்து. எஃகாக இருக்கட்டும், அல்லது தொழிற்சாலையிலிருந்து வண்டியோடு வந்த அலுமினியமாக இருக்கட்டும். 16-ஐத் தாண்ட வேண்டாம்.

காரணத்தைக் கணக்கிலேயே காட்டலாம். இவ்வண்டியின் அகன்ற டயர் கொண்ட வகைகளுக்கு நிறுவனம் கொடுத்தது 275/70ஆர்16. இதில் 275 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. 275-இல் 70 விழுக்காடு 192.5 மி.மீ. அதாவது ரிம்முக்கும் தரைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு சாண் உயரத்துக்குக் காற்றும் ரப்பரும் உள்ளன. முழு டயரின் விட்டம் 791 மி.மீ.

இப்போது 20 அங்குல ரிம்மைப் போடுவோம். முழு விட்டத்தைப் பழைய அளவுக்கு அருகிலேயே வைக்க வேண்டுமானால் ரிம் வளர்ந்த அளவுக்குப் பக்கச்சுவர் குறைந்தாக வேண்டும். 275/55ஆர்20 போட்டால் பக்கச்சுவர் 151 மி.மீ. கடைகளில் இதைவிட எளிதாகக் காட்டும 275/45ஆர்20 போட்டால் 124 மி.மீ.தான், விட்டமும் 755-க்கு இறங்கிவிடும். சாலையில் உள்ள குழியின் ஆழம் மட்டும் குறையப் போவதில்லை. முன்பு டயர் வாங்கிக்கொண்ட இடியை இனி ரிம் வாங்கும், ரிம்மிலிருந்து அச்சு, அச்சிலிருந்து இருக்கை, இருக்கையிலிருந்து அம்மா.

டயாலிசிஸ் முடித்துத் திரும்பும் நோயாளியை அழைத்து வந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். களைத்துச் சோர்ந்திருக்கும் உடம்பு. ஊசி குத்திய கையை மடியில் வைத்துக் காத்துக்கொண்டு வருவார்கள். அந்த ஒன்பது கிலோமீட்டரில் எத்தனை குழி என்பதை அம்மா விரல்விட்டு எண்ணுவதைப் பின்காட்டும் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

உயர்ந்த பக்கச்சுவருக்கு இன்னொரு பயனும் உண்டு. சேற்றில் சிக்கும் நிலை வந்தால் காற்றைக் குறைத்து டயரைச் சப்பையாக்கிக்கொள்ளலாம். சாலையில் 220 கிலோபாஸ்கல் அளவில் ஓடும் டயரை 140 வரை இறக்கினால் தரையைத் தொடும் பரப்பு நீளும். வண்டி வழுக்காமல் ஏறும். மெல்ல ஓட்டி, தார்ச்சாலை வந்ததும் மீண்டும் காற்றடிக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பக்கச்சுவர் குறைந்த டயரில் இவ்வித்தைக்கு இடமே இல்லை. காற்றைக் குறைத்த மறுகணம் ரிம் கல்லில் மோதும்.

தம்பி விடுவதாக இல்லை. "அப்படின்னா 16லேயே பெரிய டயரா போடுவோம்ண்ணே, 285/75" என்றான். இதற்கும் கணக்கு இருக்கிறது. விட்டம் 834 மி.மீ. ஆகும், பழையதைவிட ஐந்து விழுக்காட்டுக்கு மேல் அதிகம். வேகமானி 100 காட்டும்போது வண்டி உண்மையில் முன்பைவிட ஐந்து கிலோமீட்டர் கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கும். பழைய டீசல் இயந்திரம் மேட்டில் திணறும். பிரேக்குக்கும் வேலை கூடும். வண்டியின் உயரம் 21 மி.மீ. கூடும். இளைஞனுக்கு 21 மி.மீ. ஒன்றுமில்லை. ஏற்கெனவே முக்காலி போட்டு ஏறும் எழுபது வயதுக்காரருக்கு அது ஒன்றுமில்லாதது அன்று. 265/75ஆர்16 போட்டால் 804 மி.மீ., வேறுபாடு ஒன்றரை விழுக்காடு அளவில் நின்றுவிடும். அதை நான் ஏற்பேன்.

அளவை முடிவு செய்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். உண்மையான தொல்லை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஏனெனில் கடையில் 'ஆறு நட் ரிம்' என்று சொன்னால் எல்லாவற்றையும் எடுத்து அடுக்கிவிடுவார்கள். ஆறு துளை இருப்பதெல்லாம் இவ்வண்டிக்குப் பொருந்தும் என்று நினைப்பதுதான் பெரும்பாலோர் விழும் குழி.

துளைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டத்துக்கு பிசிடி என்று பெயர். ஆறு துளை ரிம்மில் இதை அளப்பது எளிது. எதிரெதிர்த் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும். 80 வரிசைக்கு அது 139.7 மி.மீ., அதாவது சரியாக ஐந்தரை அங்குலம். நிசான் நவாரா டி40 வகைக்கும் ஆறு நட்தான், ஆனால் 114.3 மி.மீ. அடுத்து வந்த 100 வரிசை லேண்ட் குரூசரோ ஐந்து நட், 150 மி.மீ. பெயர் ஒன்றாக இருப்பதால் பொருந்திவிடும் என்று நம்பி வாங்கியவரை நான் அறிவேன்.

பிசிடி சரியாக இருந்தாலும் நடுத்துளை சரியாக இருக்க வேண்டும். இவ்வண்டியின் முன்சக்கரக் குடம் பருத்தது. ரிம்மின் நடுத்துளை 100 மி.மீட்டரைத் தாண்டியே இருந்தாக வேண்டும். 2000-க்குப் பின் வந்த பஜேரோ, டிரைட்டன் ஆகியவற்றின் ரிம்மில் பிசிடி அதே 139.7, நடுத்துளையோ 67.1 மி.மீ. குடத்தின்மேல் ஏறவே ஏறாது. சில பட்டறைகளில் கடைசல் போட்டு அகலப்படுத்தித் தருகிறேன் என்பார்கள். எந்த உலோகத்தை எந்தக் கணக்கில் செதுக்குகிறார்கள்? எனக்கு அதில் உடன்பாடில்லை.

மூன்றாவது ஆஃப்செட். இதைத்தான் கடைக்காரர்களும் அவ்வளவாக விளக்குவதில்லை. ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று கற்பனை செய்துகொள்ளுங்கள். ரிம் குடத்தோடு ஒட்டும் முகம் அந்நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறதோ அதுவே ஆஃப்செட். ரிம்மில் 'ஈடி' என்று பொறித்து எண் போட்டிருப்பார்கள். இவ்வண்டியின் அசல் ரிம் எட்டு அங்குல அகலம், ஆஃப்செட் சுழியம். இன்றைய ஹைலக்ஸ் வண்டிகளின் ரிம் ஏழரை அங்குலம், ஆஃப்செட் 30 என்ற அளவில் வரும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ரிம்மின் உள்விளிம்பு முன்பைவிடக் கிட்டத்தட்ட 24 மி.மீ. உள்ளே வந்துவிடுகிறது. ஸ்டீயரிங்கை முழுதும் ஒடிக்கும்போது டயர் உள்ளிருக்கும் கம்பிகளையும் கைகளையும் உரசப் பார்க்கும்.

உரசாமலிருக்க நடுவில் ஸ்பேசர் போடலாமே என்பார்கள். ஸ்பேசரால் எல்லா வண்டியும் கவிழ்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நல்ல உலோகத்தில், குடத்தோடு கச்சிதமாகப் பொருந்துமாறு செய்தவையும் உள்ளன. ஆயினும் நட் இறுக்கப்படும் இடங்கள் இரு மடங்காகின்றன. சக்கரத்தைக் கழற்றாமல் உள்ளிருக்கும் நட்டைச் சோதிக்கவும் இயலாது. சரியான ரிம் கிடைக்கும்போது தவறான ரிம்மையும் அதைத் திருத்த ஒரு துண்டு உலோகத்தையும் சேர்த்து வாங்குவானேன்?

எதிர்ப்பக்கத்திலும் எல்லை உண்டு. ஆஃப்செட் சுழியத்துக்குக் கீழே போய்ச் சக்கரம் வெளியே துருத்தி நிற்பது இளைஞர்களுக்குப் பிடிக்கும். மட்கார்டுக்கு வெளியே டயர் நீட்டிக்கொண்டிருப்பதைச் சாலைப் போக்குவரத்துத் துறை ஏற்பதில்லை என்பது ஒருபுறம். பேரிங் படும் பாடு மறுபுறம். சக்கரம் வெளியே போகப் போக வண்டியின் எடை நெம்புகோல்போல் பேரிங்கை அழுத்தும். புது வண்டியாயின் தாங்கும். கால் நூற்றாண்டு ஓடிய வண்டியின் முன்னச்சில் எது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

எடை தாங்கும் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெற்று வண்டியே இரண்டு டன்னுக்கு மேல். ஆளும் சுமையும் ஏறினால் ஏறத்தாழ மூன்று டன். நான்கால் வகுத்தால் சக்கரத்துக்கு 750 கிலோ என்று என் ஐந்தாம் ஆண்டு மாணவரும் சொல்லிவிடுவர். ஆனால் எடை ஒருநாளும் சமமாகப் பகிரப்படுவதில்லை. சுமை பின்னால் இருந்தால் பின்சக்கரம், பிரேக் பிடித்தால் முன்சக்கரம், வளைவில் ஒருபக்கம், குழியில் ஒரே சக்கரம். ஸ்போர்ட் ரிம்மின் பின்புறத்தில் எடை அளவு பொறித்திருப்பார்கள். 690 கிலோ என்று பொறித்த ரிம்களைக் கண்டிருக்கிறேன். அது காருக்கானது. நான்கையும் கூட்டினாலே மூன்று டன் வராது. ஜப்பானியத் தரத்தில் ஜேடபிள்யூஎல் என்பது காருக்கும், ஜேடபிள்யூஎல்-டி என்பது லாரி, பேருந்து போன்ற சுமை வண்டிகளுக்கும் உரிய முத்திரை. கனத்த நாற்சக்கர வண்டிக்கு வாங்கும்போது அந்த 'டி' இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். ஓரெழுத்தால் பொருள் மாறுவதைத் தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டயரிலும் அவ்வாறே: சுமைக் குறியீடு 110 என்றால் 1060 கிலோ, 112 என்றால் 1120 கிலோ. அதற்குக் கீழே நான் வாங்கமாட்டேன்.

எஃகா, அலுமினியமா? இதில் நான் தீவிரவாதி அல்லன். எஃகு அடிபட்டால் நெளியும். அலுமினியம் அடிபட்டால் வெடிக்கும். நெளிந்ததைத் தோட்டத்துப் பட்டறையில் தட்டி வீடு வந்து சேரலாம். வெடித்ததை ஒன்றும் செய்ய இயலாது. அதேசமயம் எஃகு துருப்பிடிக்கும், பழைய எஃகு ரிம் வட்டமாக இருப்பதும் அரிது. ஆகவே பழைய பொருள் வாங்கும்போது ரிம்மை மட்டும் பாலன்ஸ் பொறியில் மாட்டிச் சுற்றச் சொல்லிப் பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பாருங்கள். நடுத்தட்டும் வளையமும் சேரும் ஒட்டிலும், டயர் உட்காரும் விளிம்பிலும் துரு தின்றிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். புதிதாகத் தடித்த சாயம் பூசியிருந்தால் ஐயப்படுங்கள். குடத்தோடு ஒட்டும் முகத்தில் தடித்த சாயம் இருந்தால் ஓட்டத்தில் அது நசுங்கி நட் தளரும். ஹாஃப்கட் கடைகளில் வரும் அசல் அலுமினிய ரிம் ஒட்டு இல்லாததாயின் அதுவும் நன்றே. விரிசலை ஒட்டிச் சாயம் பூசிய அலுமினியத்தை மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

துண்டாகக் கழன்று வரும் பூட்டுவளையம் கொண்ட பழங்கால ரிம்கள் சில, பழைய பொருள் கடைகளில் இன்னமும் கிடக்கின்றன. லாரி ஓட்டிய பெரியவர்களுக்குத் தெரியும். காற்றடிக்கும்போது வளையம் சரியாக உட்காராமல் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். மலிவு என்று அவற்றின் பக்கம் போக வேண்டாம்.

இப்போது நட். இவ்விடுகையில் ஒன்றை மட்டுமே நினைவில் வைப்பேன் என்பவர்கள் இதை வைத்துக்கொள்ளுங்கள். டொயோட்டாவின் அசல் அலுமினிய ரிம்முக்குரிய நட்டில் குழல்போன்ற கழுத்தும் தட்டையான வாஷரும் இருக்கும். எஃகு ரிம்முக்குரிய நட்டின் முனை கூம்பு. புரி இரண்டிலும் ஒன்றே, 12 மி.மீ. தடிமன், ஒன்றரை மி.மீ. இடைவெளி. அதனால் எதை எதில் போட்டாலும் ஏறிவிடும், இறுகியதுபோலவும் தோன்றும். உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவரின் வண்டியில் அலுமினிய ரிம்மைக் கழற்றிவிட்டு எஃகு ரிம் மாட்டிய கடையில், பழைய தட்டை நட்டையே போட்டு அனுப்பிவிட்டார்கள். கூம்புக் குழியில் தட்டை வாஷர் எப்படி உட்காரும்? விளிம்பு மட்டுமே தொட்டுக்கொண்டிருந்தது. நாற்பது கிலோமீட்டர் போவதற்குள் பின்பக்கம் 'டக், டக்' என்று ஒலி. அவர் செம்மண் சாலையின் குலுக்கல் என்று எண்ணியிருந்தால் சக்கரம் கழன்றிருக்கும். நல்லவேளை, இறங்கிப் பார்த்தார். ஆறு நட்டையும் விரலால் திருக முடிந்தது. பின்னிருக்கையில் கதை சொல்லும் போட்டிக்குச் செல்லும் மூன்று பிள்ளைகள்.

எனவே ரிம்மின் வகை மாறினால் நட்டும் மாற வேண்டும். கையால் திருகும்போது எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணுங்கள். 12 மி.மீ. தடிமனுள்ள போல்ட்டில் குறைந்தது 12 மி.மீ. நீளத்துக்காவது புரி பிடித்திருக்க வேண்டும், ஒன்றரை மி.மீ. இடைவெளிக்கு எட்டுச் சுற்று. அதற்குக் குறைந்தால் அந்த ரிம் இவ்வண்டிக்குத் தடிமன் அதிகம். இறுக்கும் அளவும் எஃகுக்கு வேறு, அலுமினியத்துக்கு வேறு, கையேட்டில் உள்ளது. காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்' என்று அடித்துவிட்டு அனுப்பும் கடையில், கடைசி இறுக்கத்தை மட்டும் அளவுகோல் உள்ள கைத்திருகியால் செய்யச் சொல்லுங்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் மீண்டும் ஒருமுறை.

நாங்கள் போகும் கடையின் தவுக்கே என்னை மலாய் வழக்கப்படி 'சிக்கு' என்றுதான் அழைப்பார். தமிழில் அச்சொல்லுக்கு வேறு பொருள் என்று நான் சொன்னதிலிருந்து இன்னும் உற்சாகமாக அழைக்கிறார். அவர் தம்பிக்காகப் பேசினார், நேர்மையாகவும் பேசினார். "16 அங்குலத்துக்கு டயர் வரவர குறைகிறது சிக்கு. இன்றைக்குப் பிக்-அப் எல்லாம் 17, 18. 265/60ஆர்18 என்றால் எந்த ஊரிலும் இப்போதே கிடைக்கும். உங்கள் 275/70ஆர்16-க்கு நான் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும்."

இது வலுவான வாதம். இதற்கு நான் எளிதாக விடை சொல்லிவிட முடியாது. நடுவழியில் டயர் கிழிந்து, மாற்று டயருக்கு இரண்டு நாள் காத்திருப்பது எங்கள் நிலையில் ஆகாது. 265/60ஆர்18-இன் பக்கச்சுவர் 159 மி.மீ.; விட்டமும் பழையதைவிட ஏறத்தாழ இரண்டு விழுக்காடுதான் குறைகிறது. 20 அங்குலம் போன்ற வெறும் அலங்காரமன்று அது. ஆகவே என் நிலைப்பாட்டை இப்படித் திருத்தமாகச் சொல்கிறேன்: 16 அங்குல டயர் கிடைக்கும்வரை 16. அது அரிதாகும் நாளில் 17. 265/70ஆர்17 என்றால் பக்கச்சுவர் 185 மி.மீ., விட்டம் 803 மி.மீ.; இழப்பு மிகச் சிறிது. 18 அதற்கும் பிறகு. 20 என்பது தார்ச்சாலையை விட்டு இறங்காத வண்டிக்கு.

டயரின் பூ எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றி நிறையப் பேசுவார்கள். சுருக்கமாகச் சொன்னால், ஒன்பது கிலோமீட்டரைச் சேற்றிலும் மீதியைத் தார்ச்சாலையிலும் ஓட்டுகிறவருக்கு ஏடி வகையே போதும். எம்டி வகை தார்ச்சாலையில் இரைச்சலிடும், ஈரத்தில் பிடிப்பும் குறைவு. டயரின் பக்கவாட்டில் டிஓடி என்பதை அடுத்து வரும் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். முதலிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. ஓராண்டுக்கு மேல் கடையில் கிடந்ததற்கு முழு விலை கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று, ஐந்தாக வாங்குங்கள். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வகை வண்டியில், அளவு வேறுபட்ட ஒரு டயர் மாட்டி நெடுந்தூரம் ஓட்டினால் நடு டிஃபரென்ஷியல் ஓயாமல் உழைத்துத் தேயும். அழகுக்கு நான்கு ஸ்போர்ட் ரிம் வாங்குபவர் ஐந்தாவதை வாங்குவதில்லை. வண்டியின் அடியில் தொங்கும் பழைய சிறிய டயரை மறந்தே போவார்.

முடிவு என்னாயிற்று என்று கேட்பீர்கள். எஃகுதான். 16 அங்குலம், எட்டு அங்குல அகலம், ஆஃப்செட் சுழியம். கறுப்புச் சாயம் தம்பியின் விருப்பம். ஒட்டும் முகத்தில் மட்டும் பூசக்கூடாது என்று நின்று பார்த்துக்கொண்டேன். 265/75ஆர்16 ஏடி டயர் ஐந்து, கூம்பு நட் இருபத்து நான்கு. ஆனால் ரிம் நான்குதான் கிடைத்தது. ஐந்தாவதற்குத் தவுக்கே இரண்டு ஹாஃப்கட் கடைகளில் சொல்லி வைத்திருக்கிறார். அதுவரை பழைய அலுமினிய ரிம்களில் பழுதில்லாத ஒன்றுதான் மாற்றுச் சக்கரம். புது டயரில் ஐந்தாவது அதில். அதை மாட்ட நேர்ந்தால் கூம்பு நட் உதவாது. எனவே பழைய தட்டை நட் ஆறை ஒரு துணிப்பையில் கட்டி, 'மாற்றுச் சக்கரத்துக்கு மட்டும்' என்று தமிழிலும் மலாயிலும் எழுதி, ஜாக்கியோடு வைத்திருக்கிறேன். வண்டியை அன்றைக்குத் தம்பி ஓட்டினாலும், வழியில் உதவ வரும் யாரோ ஒருவர் கழற்றி மாட்டினாலும் அந்தப் பை கண்ணில் பட வேண்டும்.